முத்திரைக்கு முன்னால் விரிசலைப் பாருங்கள்

போடியிலிருந்து குரங்கணிக்குப் போகிற சாலை மலையடிவாரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் டாப் ஸ்டேஷன் போகவேண்டுமானால் நடைதான். நூறு வருடத்துக்கு முன்னால் இந்தச் சரிவில் கம்பிவடத்தில் சரக்கு ஓடியது. மூணாறுத் தோட்டங்களின் தேயிலை சிறு ரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வந்து, ரோப்வேயில் கோட்டகுடிக்கு இறங்கி, மாட்டு வண்டியில் போடிக்குப் போனது. 1924 பெருவெள்ளம் அந்த ரயில்பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. இறங்கிய தேயிலையின் கதையைப் பலரும் எழுதிவிட்டார்கள். ஏறிய சாமான்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. மலை பங்களாக்களில் குடியிருந்த துரைமாருக்குத் தட்டு, கோப்பை, விளக்கு எல்லாம் இப்படி ஏதாவது ஒரு கணவாய் வழியாகத்தான் போயிருக்க வேண்டும்.

அந்தச் சாமான்களில் ஒரு வகையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இலையும் கொடியும் மீனும் குழந்தையும் புடைத்து நிற்க, பச்சையும் மஞ்சளும் பழுப்பும் ஈரம் காயாததுபோல் மின்னும் பீங்கான் மெழுகுவர்த்தித் தாங்கிகள். சேகரிப்பவர்கள் இவற்றை மஜோலிக்கா என்பார்கள். மலைக்குக் கீழே கம்பம் பள்ளத்தாக்கின் உள்ளூர் வீடுகளுக்கு இது தேவைப்படவில்லை. அங்கே குத்துவிளக்கும் காமாட்சி விளக்கும் இருந்தன, வெளியே எடுத்துப்போக அரிக்கேன் இருந்தது. மெழுகுவர்த்தி என்பது தோட்டத்து பங்களாவுக்கும் மாதா கோயிலுக்கும் உரிய பொருள். அதனால் இங்கே மஜோலிக்காத் தாங்கி அபூர்வம். பங்களாச் சாமான் ஏலம் போனபோது கைமாறி, எந்தக் காயலான் கடையிலாவது பித்தளைக் குழாய்களுக்கு நடுவே கிடந்தால்தான் உண்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் வாய்ப்பு இன்னும் கொஞ்சம் அதிகம்.

கையில் ஒன்று கிடைத்ததும் எல்லாரும் செய்வது அதைக் கவிழ்த்து அடியில் முத்திரை தேடுவது. தேடுவதில் தப்பில்லை. 1842 முதல் 1883 வரை இங்கிலாந்தில் பதிவான வடிவங்களுக்கு வைர வடிவ முத்திரை ஒன்று உண்டு. அதன் உச்சியில் ரோமன் எண் நான்கு இருந்தால் பீங்கான் வகை என்று பொருள். 1884 முதல் வைரம் போய் வெறும் பதிவு எண் வந்தது. ‘இங்கிலாந்து’ என்ற சொல் அடியில் இருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிந்தியது, ஏனென்றால் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருந்தாக வேண்டும் என்று அமெரிக்கா 1890-இல் போட்ட சட்டம் அந்த வருடம்தான் நடைமுறைக்கு வந்தது. ஜப்பான் சரக்கில் ‘நிப்பான்’ என்றிருந்தால் 1921-க்கு முன், ‘ஜப்பான்’ என்றிருந்தால் அநேகமாக அதற்குப் பின். இதெல்லாம் பயனுள்ள செய்திதான். ஆனால் முத்திரை என்பது ஈரக் களிமண்ணில் அழுத்திய ஓர் அச்சு, அவ்வளவே. இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் அழுத்தலாம். பாண்டத்தின் உடம்புக்கும் அதன் மேலுள்ள கண்ணாடிப் பூச்சுக்கும் நடுவே நடக்கிற இயற்பியலை அப்படி அழுத்திவிட முடியாது. முத்திரையைக் கடைசியில் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் உடம்பு. வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகையும், கூடலூர்ப் பக்கமிருந்து வரும் முல்லையாறும், சுருளியும் இந்தப் பள்ளத்தாக்கின் பாறைகளை அரித்துக் கொண்டுவருகின்றன. பாறையின் ஃபெல்ட்ஸ்பார் கனிமம் மழையில் சிதைந்து களிமண்ணாகிறது. கூடவே இரும்பும் வருகிறது. அந்த இரும்புதான் வைகைக் களிமண்ணைச் சுட்டதும் சிவக்க வைப்பது. காற்று தாராளமாகக் கிடைக்கும் சூளையில் இரும்பு முழு ஆக்சைடாகிச் சிவக்கும். காற்றை அடைத்தால் கருக்கும். கீழடியில் குவியல் குவியலாகக் கிடைத்த கருப்பு–சிவப்புப் பானைகள் இந்த இரண்டையும் ஒரே பாண்டத்தில் செய்து காட்டியவை. அவற்றின் பளபளப்பு கல்லால் தேய்த்து ஏற்றிய மெருகு. மேலே கண்ணாடி எதுவும் இல்லை.

கண்ணாடி இல்லாததில் ஒரு லாபமும் உண்டு. வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவில் கையில் ஏந்தி வருகிற தீச்சட்டியைப் பாருங்கள். உள்ளே நெருப்பு, வெளியே காற்று, ஆனாலும் சட்டி வெடிப்பதில்லை. தாழ்ந்த வெப்பத்தில் சுட்ட, நுண்துளை நிறைந்த மண்ணில் ஒரு கீறல் கிளம்பினாலும் அடுத்த துளையில் போய் முட்டி நின்றுவிடும். கெட்டியான, கண்ணாடி பூசிய பாண்டத்துக்கு இந்தப் பொறுமை கிடையாது. மஜோலிக்காத் தாங்கியில் மெழுகுவர்த்தியை அடிவரை எரியவிட்டு அதை நிறுத்தும் குழியின் விளிம்பு வெடித்த கதைகள் சேகரிப்பவர்களிடம் நிறைய உண்டு.

சிவப்பு மண்ணில் ஒரு சிக்கல். அதன் மேல் நிறமில்லாத கண்ணாடியைப் பூசினால் அடியிலிருக்கும் சிவப்புதான் தெரியும். நீலமோ மஞ்சளோ பூசினால் அது சேறாகும். சீனர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவர்களிடம் இரும்பு கலக்காத வெள்ளைக் களிமண் இருந்தது. அந்த வெள்ளைப் பீங்கானை உலகமே விரும்பியது. இராமநாதபுரத்துக் கடற்கரையில் பெரியபட்டினத்தில் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழ்ந்தபோது சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. பாண்டிய நாட்டுத் துறைமுகங்களில் அது புழங்கிய சரக்கு. பாஸ்ரா நகரத்துக் குயவர்களுக்கும் அதே ஆசை, ஆனால் அந்த மண் இல்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் அவர்கள் கண்டுபிடித்த வழி, கண்ணாடிப் பூச்சில் வெள்ளீய ஆக்சைடைக் கலப்பது. உருகிய கண்ணாடியில் அது கரையாமல் மிக நுண்ணிய துகள்களாக மிதக்கும். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.5 என்றால் அந்தத் துகள்களுக்கு 2. உள்ளே நுழைந்த ஒளி துகளுக்குத் துகள் திசை மாறிச் சிதறி, அடிமண்ணைத் தொடாமலேயே வெளியே வந்துவிடும். கண்ணுக்கு வெள்ளை. இந்த வித்தை ஸ்பெயின் போய், மஜோர்க்கா தீவு வழிக் கப்பல்களில் இத்தாலிக்குப் போய், மறுமலர்ச்சிக் காலத்து ஓவியத் தட்டுகளாகப் பூத்தது.

நம் தாங்கிகள் இந்த இத்தாலிய வம்சத்தின் நேர் வாரிசுகள் அல்ல. பெயர் மட்டும் அங்கிருந்து வந்தது. இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட்ஷயர் வட்டாரத்து மின்டன் நிறுவனம், லியோன் ஆர்னூ என்ற பிரெஞ்சுப் பீங்கான் நிபுணரை வைத்து உருவாக்கி 1851 லண்டன் மாபெரும் கண்காட்சியில் காட்டிய சரக்கு வேறு மாதிரியானது. வெள்ளீயத்தால் மறைக்கவில்லை, மாறாக வெளிறிய மண்ணையே உடம்பாக எடுத்து, அதில் புடைப்புச் சிற்பம் அச்சிட்டு, மேலே நிறமூட்டிய, ஒளி ஊடுருவும் ஈயக் கண்ணாடியைப் பூசினார்கள். பத்து வருடத்தில் வெட்ஜ்வுட் நிறுவனமும் இறங்கியது. பிறகு ஜார்ஜ் ஜோன்ஸ், ஹோல்ட்க்ராஃப்ட். பிரான்சில் சாரெகெமின். போர்த்துகலில் 1884-இல் பொர்டாலோ பின்யெய்ரோ தொடங்கிய முட்டைக்கோஸ் இலைப் பாத்திரங்கள் இன்றைக்கும் வருகின்றன. அதே காலத்தில்தான் பாரஃபின் மெழுகு மலிவாகி, கொழுப்பு நாற்றமில்லாத மெழுகுவர்த்தி நடுத்தர வீடுகளுக்கும் கிடைத்தது. அந்த வீடுகளிலும் மெழுகுவர்த்தித் தாங்கி வரவேற்பறை அலங்காரமான நேரம் அது.

ஈயம் ஏன்? மணலில் உள்ள சிலிக்காவை மட்டும் உருக்கிக் கண்ணாடியாக்க 1,700 டிகிரிக்கு மேல் வேண்டும். எந்த மண்பாண்டமும் அதற்கு முன்னால் குலைந்துவிடும். ஈய ஆக்சைடைச் சேர்த்தால் சரியான விகிதத்தில் 720 டிகிரிக்குள்ளேயே உருகத் தொடங்கும். உருகியது கெட்டியாக இழுபடாமல் நன்றாக ஓடிப் பரவும், குமிழி விடாது, சூளைக்காரர் கொஞ்சம் தவறினாலும் மன்னிக்கும். இன்னொன்று, ஈயம் கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணை ஏற்றிவிடும். சாதாரணக் கண்ணாடி தன் மேல் நேராக விழும் ஒளியில் நூற்றுக்கு 4 பங்கைத் திருப்பி அனுப்பும். ஒளிவிலகல் எண் 1.75 உள்ள ஈயக் கண்ணாடி 7 பங்குக்கு மேல் அனுப்பும். மஜோலிக்காவின் ‘ஈரமான’ மினுக்கம் இந்த மூன்று பங்கு வித்தியாசம்தான். பிற்காலத்து ஈயமில்லாப் போலிகளில் நிறம் சரியாக இருந்தும் ஏதோ குறைகிறதே என்று தோன்றுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நிறங்களும் ஈயத்தின் தயவில் நடப்பவை. தாமிரம் ஈயக் கண்ணாடியில் புல்பச்சை தரும். அதே தாமிரம் சோடா மிகுந்த கண்ணாடியில் மயில் கழுத்து நீலம் தரும். கோபால்ட் கருநீலம், மாங்கனீசு கத்தரிப்பூப் பழுப்பு, இரும்பு தேன் நிறம், ஆன்டிமனி மஞ்சள். இவ்வளவுதான் பெட்டியில் இருந்த சாயங்கள். ஆனால் ஒரே பச்சைப் பூச்சில் ஓர் இலை முழுவதும் வரையப்பட்டதுபோல் நரம்பும் நிழலும் தெரியுமே, அது எப்படி? பூச்சு உருகும்போது மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. நிறக் கண்ணாடி ஒரு குறிப்பிட்ட கனத்தில் ஒளியைப் பாதியாக்கும் என்றால் இரட்டிப்புக் கனத்தில் கால்வாசியாக்கும், மும்மடங்கில் அரைக்கால்வாசி. ஆகவே பள்ளம் இருள்கிறது, மேடு வெளிறுகிறது. நிழலைத் தீட்டியது தூரிகை அல்ல, புவியீர்ப்பு. நல்ல பழைய தாங்கியில் இலை நரம்பின் விளிம்பை நகத்தால் தடவினால் அந்த மேடு பள்ளம் தட்டுப்படும். மலிவுப் பிரதிகளில் அச்சு பலமுறை பயன்பட்டு மழுங்கி, பூச்சு எங்கும் ஒரே கனத்தில் நின்று, இலை முழுக்க ஒரே பச்சையாக இருக்கும். கோடு தெரியவேண்டுமே என்று அதன் மேல் தூரிகையால் கரும்பச்சை இழுத்திருப்பார்கள். அதைக் கண்டுவிட்டால் வேறு சோதனையே வேண்டாம் என்பேன்.

இந்த விதியைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் தாங்கிகளை விட்டுவிட்டுச் செட்டிநாட்டுச் சுவர்களைப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் மஜோலிக்கா அதிகம் இருப்பது அலமாரிகளில் அல்ல, கானாடுகாத்தான், காரைக்குடி, தேவகோட்டை வீடுகளின் முகப்பிலும் வளவிலும் பதித்த டைல்ஸில்தான். முதலில் வந்தவை இங்கிலாந்திலிருந்து. ஈரம் குறைந்த களிமண் தூளை இரும்பு அச்சில் அழுத்தும் முறைக்கு ரிச்சர்ட் ப்ராசர் 1840-இல் காப்புரிமை பெற்றார். மின்டன் அதை டைல்ஸுக்குப் பயன்படுத்திக்கொண்டது. ஈரக் களிமண் காயும்போது சுருங்கிக் கோணும், தூளுக்கு அந்தத் தொல்லை குறைவு. அதனால் ஆயிரம் டைல்ஸும் ஒரே அளவில் வரும். முதல் உலகப்போரில் ஐரோப்பியச் சரக்கு தடைபட்டதும் ஜப்பான் அந்த இடத்தைப் பிடித்தது. அவாஜி தீவில் டாண்டோ நிறுவனமும் மற்றவர்களும் அச்சிட்ட புடைப்பு டைல்ஸ் 1920களிலும் 1930களிலும் கப்பல் கப்பலாக இந்தியாவுக்கு வந்தன. ரோஜாப்பூ மட்டுமில்லை. இந்தியச் சந்தையைப் புரிந்துகொண்டு, ரவிவர்மா அச்சகப் படங்களைப் பார்த்து லட்சுமியையும் சரஸ்வதியையும் கிருஷ்ணனையும் டைல்ஸில் அச்சிட்டார்கள். ஜப்பான் தொழிற்சாலையில் சுட்ட சரஸ்வதி, நகரத்தார் வீட்டுச் சுவரில். எனக்கு அந்தக் காலத்து உலக வணிகத்தைப் பற்றிய புத்தகங்களைவிட இந்த ஒரு டைல்ஸ் அதிகம் சொல்கிறது. அதன் பின்பக்கத்தில் சுவரோடு ஒட்டிக்கொள்ளப் பள்ளக் கோடுகளும் நிறுவனத்தின் எழுத்துகளும் இருக்கும். முன்பக்கத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் எல்லையாக மெல்லிய வரம்பு நிற்கும், நிறங்கள் கலந்துவிடாதபடி.

இதோடு ஆத்தங்குடிக் கல்லைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆத்தங்குடி சூளையைப் பார்த்ததே இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் நிறச் சிமெண்டை ஊற்றித் தண்ணீரில் ஊறவைத்து இறுகச் செய்வது. அதன் மினுக்கம் கண்ணாடித் தகட்டின் வழவழப்பை வாங்கிக்கொண்டது. எண்ணெய்த் துணியால் துடைக்கத் துடைக்க ஏறும். மஜோலிக்காவில் எண்ணெய் தேய்த்தால் விரிசலுக்குள் போய்க் கறுக்கும்.

மஜோலிக்கா வாங்கியவர் அதில் சோறு போட்டுச் சாப்பிட ஆசைப்படலாம். தாங்கிக்கு அந்த ஆபத்து இல்லை, ஆனால் சேகரிப்பு தாங்கியோடு நிற்பதில்லை, இலைத்தட்டும் கிண்ணமும் கூடவே வரும். ஈயக் கண்ணாடியிலிருந்து புளிப்பு ஈயத்தை உருவி எடுக்கும். உணவுப் பாத்திரங்களைச் சோதிக்கும் சர்வதேச முறையே 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை 24 மணி நேரம் ஊற்றிவைத்து, எவ்வளவு ஈயம் கரைந்தது என்று அளப்பதுதான். நம் புளிக்குழம்பும் எலுமிச்சை ஊறுகாயும் இந்தச் சோதனையை வீட்டிலேயே நடத்திவிடும். அதிலும் தாமிரம் கலந்த பச்சைப் பூச்சு மிக மோசம். தாமிரம் ஈயக் கண்ணாடியின் அமிலத் தாங்குதிறனைக் குறைத்துவிடுகிறது. மஜோலிக்காவில் எல்லாரும் விரும்புவது பச்சை இலைத்தட்டு என்பதை நினைவில் வையுங்கள். பழைய உப்பு மினுக்கு ஊறுகாய் ஜாடி வேறு சாதி. 1,200 டிகிரிக்கு மேல் கொதிக்கும் சூளையில் சாப்பாட்டு உப்பை வீசுவார்கள், அதன் ஆவி ஜாடியின் சிலிக்காவோடு சேர்ந்து தானே கண்ணாடியாகும். அதில் ஈயத்துக்கு வேலை இல்லை. பாட்டியின் ஜாடியை உப்பும் புளிப்பும் தின்னாமல் போனதற்குக் காரணம் அதுதான்.

இந்த அழகுக்கு விலை கொடுத்தவர்கள் வாங்கியவர்கள் மட்டுமல்ல. ஸ்டாஃபோர்ட்ஷயரில் பூச்சுத் தொட்டியில் பாண்டங்களை முக்கியவர்களும், காய்ந்த பூச்சைத் துடைத்துச் சீராக்கிய பெண்களும் சிறுவர்களும் உருக்காத ஈயத்தூளைச் சுவாசித்தார்கள். கைகால் விழுந்தது, பார்வை போனது, கரு கலைந்தது. வேதியியலாளர் தார்ப், மருத்துவர் ஆலிவர் இருவரும் 1899-இல் அரசுக்கு அறிக்கை கொடுத்தார்கள். ஈயத்தை முதலிலேயே சிலிக்காவோடு உருக்கிக் கண்ணாடியாக்கி, அதை அரைத்துப் பூச்சாகப் பயன்படுத்தினால் உடம்பில் சேரும் ஈயம் பெருமளவு குறையும் என்பது அப்போது வலியுறுத்தப்பட்ட மாற்று. அதற்குள் மஜோலிக்கா மோகமே வடிந்து கொண்டிருந்தது.

இப்போது விரிசலுக்கு வரலாம். பழைய மஜோலிக்காவை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பூச்சு முழுக்க மயிரிழைக் கீறல்கள் வலைபின்னியிருக்கும். பாண்டம் உடையவில்லை, பூச்சு மட்டும். கண்ணாடி அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. இரண்டுக்கும் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். சூளையிலிருந்து ஆறும்போது உடம்பைவிடப் பூச்சு குறைவாகச் சுருங்கினால் அது அமுக்கத்தில் நிற்கும், பத்திரமாக இருக்கும். அதிகமாகச் சுருங்கினால் இழுபட்டு, அன்றைக்கே ‘டிக், டிக்’ என்று கீறும் சத்தம் கேட்கும். ஆனால் பத்து வருடம் நன்றாக இருந்த தாங்கி திடீரென்று கீறுகிறதே? 1920களில் இதைத் தேடிய பீங்கான் ஆராய்ச்சியாளர்கள் பிடித்த குற்றவாளி ஈரம். சுட்ட களிமண் காற்றிலிருந்து நீர் மூலக்கூறுகளை எடுத்துத் தன் கனிமக் கட்டமைப்புக்குள் வேதியியல்முறையில் சேர்த்துக்கொண்டே இருக்கிறது. அதனால் மெல்லப் பெருக்கிறது, ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில். உடம்பு பெருக்க, தைத்த சட்டை அப்படியே இருந்தால் என்ன ஆகும்? தையல் விடும். கண்ணாடிக்குத் தையல் இல்லை, ஆகவே துணியே கிழிகிறது.

இந்தப் பெருக்கத்துக்கு ஒரு கணக்கு இருப்பதை மான்செஸ்டரில் மொய்ரா வில்சனும் அவருடைய குழுவும் 2003-இல் காட்டினார்கள். பெருக்கம் காலத்தின் நான்காம் மூலத்தைப் பின்பற்றுகிறது. சூளையிலிருந்து வெளிவந்த முதல் வருடத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், அது இரண்டு பங்காக 16 வருடம் ஆகும், மூன்று பங்காக 81 வருடம். 1880-இல் சுட்ட தாங்கி இன்றைக்கு மூன்றரைப் பங்குக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். அதாவது இளமையில் வேகம், முதுமையில் ஊர்வது, ஆனால் நிற்பது இல்லை. பெரும் பகுதிக் கீறல்கள் முதல் சில பத்தாண்டுகளிலேயே விழுந்துவிடும். அதன் பிறகு ஒரு பெரிய கட்டத்துக்குள் சிறு கட்டமாக, முதல் கீறல்களில் போய் முட்டி நிற்கிற இரண்டாம் தலைமுறைக் கீறல்கள் வரும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் இந்தத் தலைமுறைகளைப் பிரித்தறியலாம். பழைய கீறலில் அழுக்கு ஆழமாகக் கறுத்திருக்கும், புதியதில் வெளிறியிருக்கும்.

இதைத் தலைகீழாகத் திருப்பி, எடை கூடிய அளவிலிருந்து வயதைக் கணக்கிடும் முறையை அதே குழு 2009-இல் வெளியிட்டது. ஒரு துண்டை 500 டிகிரிக்குச் சூடாக்கி நீரை வெளியேற்றி, மறுபடி எவ்வளவு வேகமாக நீரை ஏற்கிறது என்று நுண்தராசில் பார்க்க வேண்டும். கேன்டர்பரியின் இடைக்காலச் செங்கல் ஒன்றை இப்படிச் சோதித்தபோது வயது 66 என்று வந்ததாம். முறை தப்பு என்றுதான் முதலில் தோன்றும். பிறகு பார்த்தால், இரண்டாம் உலகப்போரில் விழுந்த தீக்குண்டுகளின் சூட்டில் அந்தச் செங்கலின் கடிகாரமே பூஜ்யத்துக்குத் திரும்பியிருந்தது. எல்லாக் களிமண்ணிலும் இந்த முறை ஒரே மாதிரி கைகொடுக்கவில்லை என்பது பின்னர் தெரிந்தது. தாங்கியிலிருந்து துண்டு உடைத்துக் கொடுக்க யாரும் முன்வரமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

போலிகளும் கீறும். அவற்றைக் கீற வைப்பார்கள். சூடாக்கிக் குளிர்ந்த நீரில் முக்கினால் நொடியில் வலை விழும். மேலே தேயிலைச் சாயத்தைத் தடவினால் வயது வந்துவிடும். (மலையிலிருந்து இறங்கிய தேயிலைக்கு இப்படியும் ஓர் உபயோகம்.) இதைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. திடீர்க் குளிர்ச்சியில் விழுந்த கீறல்கள் எங்கும் ஒரே அளவில், ஒரே தலைமுறையாக, ஒரே பழுப்பில் இருக்கும். உண்மையான தாங்கியில் மெழுகு வழிந்த தட்டுப்பகுதியில் கீறல் எண்ணெய்ப் பிசுக்கில் கறுத்தும், கை படாத அடிப்பகுதியில் வெளிறியும் இருக்கும். ஒரு பொருளை ஒரே சீராகப் பழசாக்க எந்த வீடும் கற்றுக்கொள்ளவில்லை.

மற்ற சோதனைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அடியில் பூச்சில்லாத விளிம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மஜோலிக்காவின் உடம்பு நுண்துளை உள்ளது, சொட்டை உறிஞ்சும். கெட்டியான சீன வகைப் பீங்கான் உடம்பாக இருந்தால் சொட்டு நிற்கும். தேனிச் சந்தையில் பானை வாங்குகிற பெண்கள் விரல் கணுவால் தட்டிக் கேட்பது வெறும் பழக்கமல்ல, விரிசல் உள்ள சுவரில் அதிர்வு கீறலின் இரு முகங்களும் உரசி வீணாகி ஓசை ‘டக்’ என்று செத்துவிடும். தாங்கியின் தட்டையும் அப்படியே தட்டிப் பார்க்கலாம், ஆனால் தண்டும் சிற்பமும் சேர்ந்த வடிவம் என்பதால் பானை அளவுக்குத் தெளிவாகச் சொல்லாது. இருட்டில் புறஊதா விளக்கு காட்டினால் ஒட்டிய பசையும் மேலே தீட்டிய வண்ணமும் பூச்சைவிட வேறு நிறத்தில் ஒளிரும். ரூபாய் நோட்டுப் பார்க்கிற சிறு விளக்கே போதும். ஆய்வகங்களில் உள்ள கையடக்க எக்ஸ்-கதிர் கருவி ஈயம், தாமிரம், வெள்ளீயம் இருப்பதைச் சில நொடிகளில் கீறலின்றிச் சொல்லும். ஈயமே இல்லாத ‘1870 மஜோலிக்கா’ என்று ஒன்று கிடையாது. இவ்வளவும் பார்த்த பிறகு கவிழ்த்து முத்திரையைப் படியுங்கள். அப்போது அது ஆதாரத்தில் ஒன்றாக இருக்கும்.

வாங்குவதற்கு முன் யோசிக்க வேண்டிய இன்னொன்று, செட்டிநாட்டு டைல்ஸ். கடைகளில் தனித்தனியாக அடுக்கி விற்கும் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வீட்டுச் சுவரிலிருந்து உளியால் பெயர்த்தது. செட்டிநாட்டுக் கிராமத் தொகுதி 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கிறது. பட்டியல் சுவரைக் காப்பாற்றாது. பெயர்க்கும்போது பத்தில் சில உடைந்தே போகும், பின்பக்க முத்திரையும் சுண்ணாம்போடு போய்விடும். வரிசையாகப் பதித்தால் பொருள்தரும் வடிவம் ஒற்றை டைல்ஸில் பாதி செத்துவிடுகிறது. நான் தாங்கி வாங்குவேன், சுவரிலிருந்து பெயர்த்தது வாங்கமாட்டேன். வெளிநாட்டு உறவினருக்கு அனுப்ப நினைப்பவர்கள் 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டத்தையும் பார்க்க வேண்டும். நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் நாட்டை விட்டு அனுப்ப முடியாது, அது இங்கிலாந்திலிருந்து வந்த பொருளாக இருந்தாலும்.

கடைசியாக, வாங்கியதில் மெழுகுவர்த்தி ஏற்றலாமா? கோடையில் தேனியின் வெயிலில் பாரஃபின் மெழுகுவர்த்தி ஏற்றாமலேயே வளைந்து சாயும். மெழுகு 55 டிகிரியையொட்டி உருகினாலும் 40-ஐத் தொடும்போதே இளகிவிடுகிறது. ஏற்றுவதானால் குழிக்குள் சிறு கண்ணாடிக் கிண்ணமோ பித்தளை வளையமோ வைத்து, சுடர் விளிம்பிலிருந்து மூன்று விரல்கடை உயரத்தில் இருக்கும்போதே அணைத்துவிடுங்கள். சிந்திய மெழுகைக் கொதிநீர் ஊற்றிக் கரைக்க வேண்டாம்: திடீர் வெப்பமாற்றம் பூச்சுக்கு ஆகாது, உருகிய மெழுகும் பழைய கீறல்களுக்குள் இறங்கிக் கறுக்கும். மெழுகு ஆறி இறுகியதும் மூங்கில் குச்சியால் நெம்பினால் தகடாகப் பெயர்ந்து வரும். மிச்சத்தை வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைக்கலாம், ஊறவைக்கக் கூடாது. பிளீச்சிங் பவுடர் கரைசல் அறவே வேண்டாம். கீறலின் கறுப்பு முதல் நாள் வெளுக்கத்தான் செய்யும். ஆனால் நுண்துளைக்குள் போன உப்பு, சாரல் மாதத்தில் கரைந்து, காற்று மாதத்தில் உலர்ந்து படிகமாகி, பூச்சை உள்ளிருந்து செதில் செதிலாகத் தள்ளிவிடும். அப்படி உதிர்ந்த பூச்சை எந்த மெருகும் திரும்ப ஒட்டாது.